கல்வியை ஒரு நாடு எப்படி ஏற்றுமதி செய்கிறது? ஆஸ்திரேலியாவுக்கு அதனால் உண்மையில் எவ்வளவு வருகிறது?

வெளிநாட்டவர் வாங்கும் சேவை, உள்நாட்டிலேயே வழங்கப்பட்டாலும், பொருளியல் கணக்கில் ஏற்றுமதிதான். கோயம்புத்தூரிலிருந்து மெல்பர்ன் சென்று படிக்கும் மாணவரின் கல்விக் கட்டணம் மட்டுமல்லாமல், அவர் தரும் அறை வாடகை, வாங்கும் அரிசி, டிராம் கட்டணம் ஆகியவையும் ஆஸ்திரேலியாவின் கல்வி ஏற்றுமதியாகவே பதிவாகின்றன. 2019இல் சுமார் 4,000 கோடி ஆஸ்திரேலிய டாலராக இருந்த இத்தொகை, இரும்புத்தாது, நிலக்கரி, இயற்கை எரிவாயு ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தில் நின்றது. 2020 மார்ச்சில் எல்லைகள் மூடப்பட்டதும் பெரிதும் சரிந்து, பின்னர் மீண்டு 2023-24இல் 5,000 கோடியைத் தாண்டியது.

ஆனால் இந்த எண்ணை அப்படியே அந்நியச் செலாவணி வரவு என்று கொள்வது தவறு என்பது என் உறுதியான கருத்து. இதில் பாதிக்கும் மேல் வாழ்க்கைச் செலவு. இரவில் உணவகத்தில் பாத்திரம் கழுவிப் பெற்ற கூலியிலிருந்து மாணவர் வாடகை கட்டினால், அந்தப் பணம் வெளியிலிருந்து வரவேயில்லை, இருந்தும் அது ஏற்றுமதிக் கணக்கில் சேர்கிறது.

வெளிநாட்டு வளாகங்களின் நிலை நேர்மாறானது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 1998இல் மலேசியாவில் தொடங்கிய வளாகத்தில் வசூலாகும் கட்டணம் மலேசியப் பொருளாதாரத்தில் சேரும். ஆஸ்திரேலியாவுக்கு வருவது பெரும்பாலும் இலாபப் பங்கும் உரிமக் கட்டணமுமே.

உள்நாட்டில் படிக்கும் வெளிநாட்டு மாணவரின் கட்டணமே ஆராய்ச்சிச் செலவின் ஒரு பகுதியைத் தாங்குகிறது. அதனால்தான் 2020இல் வரவு குறைந்தபோது அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர்.