வேலையை விட்டால்தான் தேவ சித்தமா?

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

எனக்கு வயது 29. எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் (வருஷத்துக்கான வசனம் அச்சிட்ட அட்டை) எரேமியா 29:11 இருந்தது: உங்கள்மேல் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் வசனம். "தேவன் உன்மேல் பெரிய திட்டம் வச்சிருக்கார், வேலையை விட்டுட்டு ஊழியத்துக்கு வா" என்று ஜெபக்கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார்கள். தேவனுடைய சித்தம் தெரியவேண்டுமென்று கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பார்க்கிறேன். ஒருநாள் "போ" என்கிறது, மறுநாள் "காத்திரு" என்கிறது. இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. என்னை எதற்காகத்தான் படைத்தார்?

– ஒரு சகோதரி, திருமங்கலம்

அன்புச் சகோதரி,

முதலில் உடம்பைப் பார்ப்போம். 1 இராஜாக்கள் 19இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ்ப் படுத்து, சாகவேண்டும் என்று கேட்டார். தூதன் அவரை இரண்டு முறை தட்டியெழுப்பிச் சாப்பிட வைத்தான். இடையில் தூங்கவும் விட்டான். அடுத்து என்ன செய்யவேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மருத்துவரைப் பார்ப்பதே முறை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிட்டால் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். சாகத் தோன்றினால் அன்றைக்கே கூப்பிடுங்கள். இது விசுவாசக் குறைவல்ல.

விரல் வைத்து வசனம் பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். பார்த்ததும் கொஞ்சம் நிம்மதி வரும், சற்று நேரத்தில் சந்தேகம் திரும்பும், மறுபடியும் திறக்கச் சொல்லும். திறக்கத் திறக்கச் சந்தேகம்தான் வளரும். அதற்குப் பதிலாகக் காலையில் மாற்கு சுவிசேஷம், நாளுக்கு ஓர் அதிகாரம். 16 நாளில் முடியும். இரவில் தேடல் வேண்டாம், ஒரு சின்ன ஜெபம் போதும்.

எரேமியா 29, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். அட்டையில் 11ஆம் வசனம் மட்டும் அச்சாகிறது. 10ஆம் வசனமோ ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும் என்கிறது. கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பியே இருக்கமாட்டார்கள். அவர்களுக்குக் கர்த்தர் சொன்னது 5 முதல் 7 வரை: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள்.

'தேவனுடைய சித்தம்' என்று வேதம் பெயர் சொல்லியே காட்டும் இடங்களையும் பாருங்கள். 1 தெசலோனிக்கேயர் 4:3இல் பரிசுத்தம், 5:18இல் ஸ்தோத்திரம், அதாவது நன்றி சொல்வது. எந்த வேலை என்ற பேச்சே அங்கு இல்லை. தேவனிடத்திலும் பிறனிடத்திலும் அன்புகூரவே படைக்கப்பட்டோம் (மத்தேயு 22:37-39). அதற்கு பில் கவுன்டர் தடையல்ல. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. நாளெல்லாம் நின்று கால் வீங்கிய பிள்ளைகளுக்காக முதலாளியிடம் பக்குவமாக ஒரு ஸ்டூல் கேட்பதும் ஊழியம்தான் என்பேன்.

உறக்கம் சரியாகும்வரை ராஜினாமா எழுதவேண்டாம். ஊழிய வாஞ்சை உண்மையாகவே இருந்தால், வேலையில் இருந்துகொண்டே ஆறு மாதம் ஞாயிறு பள்ளி எடுங்கள். பி.எட். படித்தவர் நீங்கள். பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்களா என்று உங்களை நெடுநாள் அறிந்த இருவரிடம் கேளுங்கள். அக்காவிடம், "ஜெபத்துக்கு நன்றிக்கா, அவசரப்படாமப் பார்க்கிறேன்" என்று சொன்னால் போதும்.