ஏழாவது வாரத்தில் அடிவயிறு இழுக்கிறது

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன் டாக்டர். போன வருஷம் ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. இப்போது ஏழாவது வாரம். மூன்று நாளாக அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது, ரத்தம் இல்லை. பாத்ரூம் போகும்போதெல்லாம் பயந்து பயந்து பார்க்கிறேன். போன தடவை இலை மூட்டை தூக்கியதால்தான் கலைந்தது என்கிறார் மாமியார்.

பதில்: மாமியார் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று தோன்றுகிறது. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பாதிக்கு மேல் கருவின் குரோமோசோமில், அதாவது மரபணுக்களைத் தாங்கும் இழைகளில், வரும் கோளாறால் கலைபவை. அது நீங்கள் செய்த வேலையால் வருவதல்ல அம்மா. ஒரு முறை கலைந்த பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு அடுத்தது நன்றாகவே நிற்கிறது.

சரி, வலிக்கு வருவோம். மாதவிலக்கு வலி போல லேசாக வந்து போனால், கர்ப்பப்பை வளர்வதாலும் மலச்சிக்கலாலும் அப்படி இருக்கும். இன்னொன்று, உங்கள் ஊர்க் குளிரில் தாகமே எடுக்காது, தண்ணீர் குடிக்காமலே நாள் போய்விடும், அதில் சிறுநீர்த் தொற்று வந்தாலும் அடிவயிறு இழுக்கும். எரிச்சல் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

மூன்று நாளாக இருப்பதால் இந்த வாரமே ஸ்கேன் பார்த்துவிடுங்கள். கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்று தெரிய வேண்டும், பெரும்பாலும் இந்த வாரத்தில் துடிப்பும் தெரியும். கரு கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருந்தால் ஒரு பக்கமாகக் கடுமையாக வலிக்கும், தோள்பட்டை நுனியில் வலிக்கும், தலை சுற்றி மயக்கம் வரும். இவற்றில் ஒன்று வந்தாலும், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தாலும், காய்ச்சல் வந்தாலும், "விடியட்டும் பார்க்கலாம்" என்று உட்காராதீர்கள். கொஞ்சமாக ரத்தம் பட்டால்கூட அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இது: ராத்திரி இரண்டு மணிக்கு யார் ஜீப்பை எடுப்பார்கள், எந்த ஆஸ்பத்திரியில் இரவிலும் ஸ்கேனும் ஆபரேஷன் வசதியும் இருக்கிறது என்று இன்றைக்கே வீட்டில் பேசி வையுங்கள். 108-ஐக் கூப்பிட்டாலும் பனிமூட்டத்தில் வளைவுகளைத் தாண்டி உங்கள் லைன் வீட்டுக்கு வந்து சேர நேரமாகும்.

ஸ்கேன் நன்றாக வந்தாலும் அந்த ஒன்பதாவது வாரம் தாண்டும்வரை பயம் முழுசாகப் போகாது, அது இயல்புதான். அந்த வாரம் இன்னொரு ஸ்கேன் வைக்க முடியுமா என்று கேளுங்கள். போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள், அவருக்கும் போன வருஷத்துப் பயம் இருக்கும்.