மாமூத்தின் காலை முதலில் ஆட்டிப் பாருங்கள்: டைஜூஜின் கேள்வி பதில்

டைஜூஜின் செட் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் சொன்னேன், பெட்டி நிரம்பிவிட்டது. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: 1992 பிப்ரவரியில் ஜப்பானில் டோயே நிறுவனத்தின் ‘ஜூரேஞ்சர்’ தொடர் தொடங்கியது. அதில் ஐந்து இயந்திர விலங்குகள் (டைரனோசரஸ், பழங்கால யானையான மாமூத், டிரைசெராடாப்ஸ், வாள்பல் புலி, டெரனோடான்) ஒன்றோடொன்று கோத்து நிற்கும் பெரிய ரோபோதான் டைஜூஜின். அடுத்த வருஷம் அமெரிக்காவில் அதே சண்டைக் காட்சிகள் ‘பவர் ரேஞ்சர்ஸ்’ ஆனபோது அதற்கு மெகாசார்ட் என்று பெயர். பொம்மை செய்தது பண்டாய்.

கே: அண்ணா, தொண்ணூறுகளின் பழைய செட் ஒன்று கைக்கு வருகிறது. எதை முதலில் பார்க்கணும்?

மாமூத்தை. எல்லாரும் சிவப்பு டைரனோசரஸைத்தான் கையில் எடுப்பார்கள். அது தலையும் உடம்புமாக நடுவில் நிற்பதால் கண் அங்கே போய்விடும். கதையை யோசித்துப் பாருங்கள். மாமூத் பிரிந்து டைஜூஜினுக்கு இரண்டு கையாகிறது. டிராகன் சீசர் என்ற ஆறாவது இயந்திர விலங்கு வந்து இன்னொரு ரோபோ ஆனால் அதற்கும் மாமூத்தேதான் கை. டிரைசெராடாப்ஸும் வாள்பல் புலியும் அப்படியே, இரண்டு ரோபோவுக்கும் இவைதான் கால். ஆக, டிராகன் சீசரும் இருந்த வீட்டில் இந்த மூன்றும் இரட்டை ஷிப்ட் பார்த்திருக்கும். டைரனோசரஸும் டெரனோடானும் அப்போது சும்மா உட்கார்ந்திருக்கும்.

அதனால் மாமூத்தின் காலைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். தொளதொள என்றிருந்தால் கோத்தபின் கை தொங்கும். அப்புறம் கால் விலங்குகள் இரண்டையும் வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்து, கொக்கியின் அடிப்பகுதியைப் பாருங்கள். வண்ண பிளாஸ்டிக்கில் வெள்ளையாக நகக்கீறல் மாதிரி ஒரு கோடு தெரிந்தால் அது அழுக்கு இல்லை, வளைந்து களைத்த இடம். அடுத்து ஒடியப்போவது அங்கேதான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கோத்த படத்தைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். விற்றவர் அனுப்பிய ஆறு படத்திலும் ரோபோ கம்பீரமாக நின்றது. வீட்டில் பிரித்தால் டிரைசெராடாப்ஸின் கொக்கி ஒடிந்து, உடனடிப் பசையில் ஒட்டியிருந்தது. சுற்றிலும் விபூதி பூசினது போல வெள்ளை மூட்டம். அந்தப் பசை காயும்போது அப்படித்தான் படியும். அந்த மூட்டம் எங்கே இருந்தாலும் பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

கே: 2017இல் வந்த சோல் ஆஃப் சோகோகின் ஜிஎக்ஸ்-72 வாங்கலாமா, பழையதா, மினிப்லா மாதிரி நாமே வெட்டிக் கோக்கும் கிட்டா?

உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஜிஎக்ஸ்-72 என்பது சேகரிப்பவர்களுக்காகப் பண்டாய் போட்ட டைஜூஜின்; உலோகம் கலந்தது, கனமாக இருக்கும். டிவியில் ஆள் உள்ளே நின்று நடித்த உடையின் உடல்வாகை அது பிடித்திருக்கிறது. பழைய பொம்மை அந்த விஷயத்தில் ஒரு அலமாரி. கை முழங்கை எல்லாம் மடங்காது. ஆனால் அந்த அலமாரியோடுதான் பலருக்குக் காதல், எனக்கும்தான்.

கிட் வேறு சுகம். நீங்களே வெட்டி, நீங்களே கோத்தது. அங்கே பார்க்க வேண்டியது, தங்க முலாம் பூசிய பாகங்கள், அவை கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு எந்த இடத்தில் ஒட்டியிருக்கின்றன என்பது. முன்பக்கம் ஒட்டியிருந்தால் வெட்டின இடத்தில் பிளாஸ்டிக் பல்லைக் காட்டும். ஒட்டிய இடத்திலேயே வெட்டாதீர்கள். கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, பிறகு நெருக்கி ஒரு வெட்டு.

கே: வெள்ளைப் பாகம் மஞ்சளாகிவிட்டது. பிளீச்சில் ஊறப்போடலாமா?

வேண்டாம்! வெள்ளி, தங்க முலாம் உள்ள எதையும் பிளீச் பக்கமே கொண்டுபோகாதீர்கள், முலாம் கரைந்து போய்விடும். ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும் மஞ்சளைக் குறைக்கும், ஆனால் அது திரும்பி வரும். நான் மஞ்சளோடேயே வைத்திருக்கிறேன்.

கே: சார், இதை டைனோசர் செட் என்கிறார்கள். மாமூத் எப்படி சார் டைனோசர்?

வந்துவிட்டாரய்யா! இல்லைதான். ஐந்தில் உண்மையான டைனோசர் இரண்டே இரண்டு, டைரனோசரஸும் டிரைசெராடாப்ஸும். மாமூத்தும் வாள்பல் புலியும் பாலூட்டிகள். டைனோசர்கள் மாண்டு ஆறரைக் கோடி வருஷத்துக்கும் மேல் ஆகிறது. ராங்கல் தீவில் மாமூத் சுமார் 4,000 வருஷம் முன்புவரை நடமாடியது, அதாவது எகிப்தில் கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டி முடித்த பிறகும்.

கே: டெரனோடானை விட்டுவிட்டீர்களே. அது பறக்கும் டைனோசர்.

இல்லை. அது டெரோசார் இனம், டைனோசருக்குப் பங்காளி முறை. பறக்கும் டைனோசர் வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்து காக்காயைப் பாருங்கள்.

கே: காக்காய் டைனோசராம்! அப்போ ஜப்பான்காரன் முட்டாளா?

காக்காய் விஷயத்தில் நான் பின்வாங்க மாட்டேன். பறவைகள் டைனோசர் வம்சம்தான். ஜப்பான்காரரும் முட்டாள் இல்லை. அணிக்குத்தான் டைனோசர் என்று பெயர் வைத்தார்கள். இந்த ஐந்தையும் தொடரில் ‘காவல் விலங்கு’ என்றுதான் சொல்வார்கள். டைஜூஜின் என்றாலே ‘பெரும் விலங்குத் தெய்வம்’. ‘டைனோசார்ட்’ என்று ஒரே கூடையில் போட்டது அமெரிக்கர்கள். போதாக்குறைக்கு மாமூத்தை ‘மாஸ்டடான்’ ஆக்கினார்கள். யானைக்கு இரண்டும் உறவுதான், ஆனால் மாஸ்டடான் வேறு குடும்பம்.

இதில் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. உதிரி பாகம் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள். மாமூத் என்று தேடினால் கிடைக்காத கை, மாஸ்டடான் என்று போட்டால் சில சமயம் கிடைக்கும்.

கே: படம் அனுப்பியிருக்கிறேன். நல்ல செட்டா?

கோத்த படம். பிரித்து அனுப்புங்கள்.

கே: இந்தப் படம் பாருங்கள் அண்ணா, ஒரிஜினலா?

இதுவும் கோத்த படம்! மேலே எழுதியிருக்கிறேனே. உள்பக்கத்தில் பண்டாய் முத்திரை இருக்கிறதா, பிளாஸ்டிக் சோப்பு மாதிரி வழவழவென்று லேசாக இருக்கிறதா என்று பிரித்துத்தான் சொல்ல முடியும்.

கே: கஸ்டம்ஸ் எவ்வளவு வரும்?

அனுப்புகிற கூரியரைக் கேளுங்கள்.

கே: என்ன விலை கொடுக்கலாம்? (பதினோரு பேர்)

ரோபோவின் வாளும் டெரனோடானும் இல்லாத செட்டுக்கு முழு விலை கொடுக்காதீர்கள். டெரனோடான்தான் நெஞ்சுக் கவசம். அது இல்லாவிட்டால் நெஞ்சு திறந்து கிடக்கும்.

கே: எல்லாரும் டைனோசர் சண்டையில் இருக்கிறீர்கள். என் பையனுக்கு ஆறு வயசு. பழைய செட்டைக் கையில் கொடுக்கலாமா?

கொடுங்கள். ஸ்டிக்கர் உரிந்த, பெட்டி இல்லாத மலிவான செட்டாகப் பார்த்துக் கொடுங்கள். அம்பு, ஏவுகணை மாதிரி குட்டிச் சாமான் இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். மாமூத்தின் காலை உடைத்தால் எனக்கு எழுதுங்கள். என்னிடம் இடது கை மாமூத் ஒன்று உபரியாகக் கிடக்கிறது.