ரயிலோடு அதன் அட்டைப்பெட்டியையும் காப்பாற்றுங்கள்

கேள்வி: 1950களின் கடைசியில் மான்செஸ்டருக்குப் பயிற்சிக்குப் போன என் அப்பா, ஹார்ன்பி டப்ளோ என்ற பொம்மை ரயில்கள் வாங்கிவந்தார். ஒரு 'பிரிஸ்டல் காஸில்' எஞ்சின், சில கோச்சுகள், பிளாஸ்டிக் வாகன்கள். எல்லாம் அதனதன் அட்டைப்பெட்டியோடு பரணில் இருந்தன. இப்போது பெட்டிகள் நைந்துவருகின்றன. என் மகன் பின்னாளில் வாங்கிய இரண்டு எஞ்சின்களும் கூடவே இருக்கின்றன. வீட்டுக்கு வந்த தரகர் ஒருவர், "ரயிலுக்குத்தான் மதிப்பு, பழைய அட்டையை நானே எடுத்துப்போய்விடுகிறேன்" என்கிறார். கொடுத்துவிடலாமா? ரயில்களை எதில் சுற்றிவைப்பது? – ஒரு வாசகி, அடையாறு.

பதில்: ஒரு அட்டையைக்கூடக் கொடுக்காதீர்கள். அந்தப் பெட்டிகளுக்கு விலை இல்லையென்றால் அவர் ஏன் சுமந்துபோக வேண்டும்? ஹார்ன்பி டப்ளோ சேகரிப்பவர்கள் காலிப் பெட்டியைத் தனியாகவே காசு கொடுத்து வாங்குகிறார்கள். லிவர்பூலில் 1938இல் தொடங்கிய வரிசை இது. 1964இல் அதைத் தயாரித்த நிறுவனமே கைமாறிவிட்டது. குழந்தைகள் ரயிலை வைத்துக்கொண்டு பெட்டியைக் கிழித்து எறிந்தார்கள். அதனால்தான் ரயிலைவிடப் பெட்டி அரிது. இந்தத் தரகர்கள் உங்களிடம் அட்டையை இலவசமாக வாங்கி, வேறொருவரின் பெட்டியில்லாத எஞ்சினை அதற்குள் வைத்து, 'ஒரிஜினல் பெட்டியோடு' என்று விற்பார்கள். உங்கள் எஞ்சினையோ பெட்டியில்லை என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். "ஓரம் கிழிந்திருக்கிறது, ஒட்டித் தருகிறேன்" என்று சொல்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒட்டின பெட்டியைவிடக் கிழிந்த பெட்டியே மேல்.

செலோடேப் வேண்டவே வேண்டாம். சில வருஷத்தில் அதன் பசை மஞ்சளாகி அட்டைக்குள் இறங்கிவிடும். பிரித்தால் அச்சும் கூடவே உரிந்துவரும். ரப்பர் பேண்டும் அப்படித்தான். நம்மூர் வெயிலில் இளகி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் காய்ந்து துண்டுதுண்டாக உடையும். ஆனால் அது பதிந்த இடத்தில் பழுப்புக் கோடு நின்றுவிடும். மூடி நிற்கவில்லையென்றால் அகலமான பருத்தி நாடாவைத் தளர்வாகச் சுற்றுங்கள். திறக்கும்போது மூடியின் நாக்கை விரலால் பிடித்து இழுக்காதீர்கள். பெட்டியின் இரண்டு பக்கத்தையும் லேசாக உள்நோக்கி அழுத்தினால் நாக்கு தானே நழுவி வெளியே வரும். பழைய பெட்டிகளில் முக்கால்வாசிக் கிழிசல் இந்த ஒரு மடிப்பில்தான் இருக்கும்.

பரண் கூடாது. மேல்தளத்துக்கு நேர் கீழே இருக்கும் பரண் சித்திரை வெயிலில் கொதிக்கும், ஐப்பசியில் ஈரம் கோக்கும். வெளிச்சுவரை ஒட்டாத இரும்பு பீரோ போதும். பிளைவுட் அலமாரியிலிருந்து கசியும் அமில ஆவி உலோகத்துக்கு ஆகாது. பெட்டிகளை இரண்டு மூன்று நாள் ஏசி அறையில் திறந்துவைத்து, அதே அறையிலேயே மூடியிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்குங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சையை நீங்களே வளர்த்த மாதிரி ஆகிவிடும். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 அல்லது 2 என்று இருந்தால் வாங்கலாம். 3 என்றால் பிவிசி, அது வேண்டாம். ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லில் நிறம் மாறும் வகை ஒரு பை போட்டு, நிறம் மாறும்போது காயவைத்து மறுபடி போடுங்கள்.

ராமபாணப் பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அதன் ஆவி உங்கள் வாகன்களின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

சுற்றுவதற்கு அமிலமில்லாத வெள்ளை டிஷ்யூ தாள்தான். செய்தித்தாள் கூடாது. பபுள் ராப் பெயின்ட்டில் வட்டவட்டமாகத் தடம் பதிக்கும். எஞ்சினின் பழைய எண்ணெய் அட்டையில் ஊறாமலிருக்க அடியில் இரண்டு மடிப்புத் தாள் வையுங்கள். மோட்டாரைப் பிரித்துக் காந்தத்தை வெளியே எடுக்காதீர்கள், அதன் பலம் குறைந்துவிடும்.

ரயில் அதன் சொந்தப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. உங்கள் மகனுடைய எஞ்சின்களின் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஸ்பாஞ்ச் மாதிரி நுரை இருக்கிறதா? விரலால் தொட்டால் பிசுபிசுக்கிறதா, பொடியாக உதிர்கிறதா? அப்படியென்றால் எஞ்சினை உடனே வெளியே எடுங்கள். பாலியூரித்தேன் நுரை வயதானால் தானே சிதைந்து பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். தேய்த்து எடுத்தால் எழுத்தும் கோடும் போய்விடும். நுரை இப்போது நன்றாகத்தான் இருக்கிறது என்றாலும் எஞ்சினுக்கு முதலில் டிஷ்யூ சுற்றுங்கள், அதன்மேல் மெல்லிய பாலிஎத்திலீன் தாள், அப்புறம்தான் பெட்டி. சிதைந்த நுரையை மட்டும் வெளியே எறியுங்கள், வெளி அட்டையை அல்ல. தெர்மோகோல் மாதிரியான வெள்ளைத் தட்டு இருந்தால் அது பாலியூரித்தேன் நுரை அல்ல, இருக்கட்டும். ஆனால் பிவிசி உறை போட்ட ஒயரை அதன்மேல் வைக்காதீர்கள். உறையிலிருந்து கசியும் எண்ணெய் தட்டை உருக்கிக் குழியாக்கும்.

இங்கிலாந்திலிருந்து உதிரிச் சக்கரம் தருவிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பொம்மைகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. உள்ளூர்த் தொழிலைக் காக்கட்டும், சரி. ஆனால் அறுபது வருஷத்துக்கு முன் நின்றுபோன எஞ்சினின் சக்கரத்தை இங்கே எந்தத் தொழிற்சாலை செய்கிறது? கேட்பாரில்லாமல் தாத்தாவின் பெட்டியில் கிடப்பதைக் காப்பாற்ற நினைப்பவரையும் கன்டெய்னர் கணக்கில் இறக்குபவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார்கள். வீட்டுக் காப்பீட்டில் சேர்க்கப் போனால் 1958இன் ரசீதைக் கேட்கிறார்கள்.

அதனால் ஆதாரத்தை நீங்களே உண்டாக்குங்கள். ஒவ்வொரு ரயிலையும் அதன் பெட்டியோடு சேர்த்துப் படமெடுங்கள். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட எண்ணும் மாதமும் வருஷமும் இருந்தால் அதையும் கிட்டத்தில் எடுங்கள். எது எந்தப் பெட்டிக்கு உரியது என்பதைத் தனி நோட்டில் எழுதுங்கள், பெட்டிமேல் எழுதாதீர்கள். அந்த நோட்டைத் தரகரிடம் காட்ட வேண்டாம்.