முன் கண்ணாடி ஏன் புதுசு?

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு இதுதான் முதல் கார். ஐந்து வருடம் ஓடிய ஹேட்ச்பேக் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதே மாடல், அதே வருடத்து வண்டிகள் போகிற விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துச் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "முன்னாடி லேசா ஒரு இடி. பம்பரும் ஒரு ஹெட்லைட்டும் மாத்தியாச்சு, அவ்வளவுதான்" என்றார் புரோக்கர். மறைக்காமல் சொன்னாரே, அதுவே பெரிய விஷயம் என்கிறார் என் கணவர். ஆக்சிடென்ட் வண்டி பக்கமே போகாதே என்கிறார் அண்ணன். உள்ளே வண்டி சுத்தமாகத்தான் இருக்கிறது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் முன்னால் உள்ள டாஷ்போர்டு மட்டும் மற்ற இடத்தைவிடக் கருப்பாக, புதுசு மாதிரி தெரிந்தது. முன் கண்ணாடியும் புதுசாம். "அது உங்களுக்கு லாபம்தானே" என்றார். இந்த வாரக் கடைசிக்குள் முடிவு சொல்லாவிட்டால் வேறு பார்ட்டிக்குக் கொடுத்துவிடுவார்களாம். வாங்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அண்ணன் சொல்வதிலும் இருக்கிறது. ஆனால் அவர்கள் இருவருக்கும் படாத ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. டாஷ்போர்டில் ஒரு பக்கம் மட்டும் புதுசு, முன் கண்ணாடியும் புதுசு. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்ததும் எனக்கு எழுந்த முதல் சந்தேகம், அந்த வண்டியில் ஏர்பேக் வெடித்திருக்குமோ என்பதுதான்.

பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் டாஷ்போர்டுக்குள்ளேதான் மடித்து வைக்கப்பட்டிருக்கும். மோதிய கணத்தில், ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள், அது மேல்மூடியைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். பல கார்களில் அது முதலில் மேல்நோக்கிப் பாய்ந்து, முன் கண்ணாடியில் முட்டிவிட்டுத்தான் ஆளின் பக்கம் விரியும். அந்த வேகத்தில் கண்ணாடி விரிசல் விடுவது சகஜம். புரோக்கர் லாபக் கணக்கில் சேர்த்த அந்தக் கண்ணாடி எனக்கு உறுத்துவது இதனால்தான்.

தீர்ப்பாகச் சொல்லவில்லை. கல் தெறித்தும் கண்ணாடி உடையும், வெயிலில் டாஷ்போர்டும் வெளுக்கும். அடுத்த முறை போகும்போது நிறம் மாறுகிற இடத்தை நின்று பாருங்கள். வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக் மெல்ல மெல்லத்தான் நிறம் மாறும். ஒரு பாகத்தை மாற்றியிருந்தால் மூட்டு வரும் இடத்தில் சட்டென்று மாறும். கிழிந்த டாஷ்போர்டை ஒட்டிப் பூசியிருந்தால் ஏர்பேக் மூடியின் ஓரத்தில் நகத்தை ஓட்டும்போதே மேடு தட்டும். சொரசொரப்பும் பக்கத்து இடத்தோடு ஒத்துப்போகாது.

ஏர்பேக்கை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன் என்றால், பார்க்கிங்கில் பின்னால் எடுக்கும்போது இடித்ததற்கெல்லாம் முன்பக்க ஏர்பேக் வராது. கெட்டியான சுவரில் மணிக்கு ஏறத்தாழ 15 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில் நேராக மோதுவதற்குச் சமமான அடி விழுந்தால்தான் அது விரியும் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்கக் குறைவாகத் தோன்றும். ஆனால் சுவர் நகராது, நசுங்காது. அத்தனை அடியையும் வண்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட அடி பம்பரோடும் ஒரு ஹெட்லைட்டோடும் நிற்பது அபூர்வம். ஏர்பேக் வந்தது உண்மையானால் "லேசா ஒரு இடி" என்பது உண்மையாக இருக்க முடியாது.

இனி அண்ணனுக்கு. ஆக்சிடென்ட் வண்டி என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கினால் நல்ல வண்டிகள் சிலவும் கை நழுவும். சிராய்ப்பும் எலும்பு முறிவும் ஒன்றல்லவே. பம்பர், ஃபெண்டர், பானட், கதவு, ஹெட்லைட் எல்லாம் போல்ட்டில் மாட்டிய பாகங்கள். கழற்றி வேறு போட்டால் முடிந்தது. வண்டியின் பலத்துக்கு ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால், கதவு மாற்றியதற்காக விலை குறைந்த வண்டியைத் தேடிப்பிடித்து வாங்குபவர்கள் புத்திசாலிகள். வெல்டு செய்து சேர்த்த பாகங்களில் அடி இறங்கியிருந்தால்தான் கதை வேறு. ஏப்ரன் (பானட்டுக்கு அடியில் முன்சக்கரத்தை ஒட்டிய உள்தகடு), முன்பக்க லெக் (இன்ஜினின் இருபுறமும் பம்பரை நோக்கி நீளும் சட்டம்), கதவுகளைத் தாங்கும் பில்லர்கள், தரைத்தகடு, பின்பக்க குவார்ட்டர் பேனல் (பின்சக்கரத்தைச் சுற்றிய பக்கத்தகடு) ஆகியவை அந்த வகை. இன்றைய பெரும்பாலான கார்களில் லாரிக்கு இருப்பதுபோலத் தனியாக ஒரு சேஸிஸ் கிடையாது. இந்தத் தகடுகள் எல்லாம் சேர்ந்ததுதான் சேஸிஸ்.

முன்பக்க லெக் இருக்கிறதே, அது நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. முன்பக்கம் மடிந்து அடியைத் தின்ன வேண்டும், ஆட்கள் உட்காரும் கூடு அப்படியே நிற்க வேண்டும் என்பது பெலா பாரெனி என்ற பொறியாளரின் யோசனை. 1959-ல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ111 வரிசை அந்த அமைப்போடு வெளிவந்தது. இன்று எல்லாக் கார்களும் ஏதோ ஒரு வகையில் அந்த வழியில்தான் போகின்றன. இதில் ஒரு சிக்கல். ஒருமுறை மடிந்த லெக்கை இழுத்து நிமிர்த்தினால் பார்க்க நேராக இருக்கும்; அடுத்த மோதலில் முன்பு மடிந்த மாதிரியே, அதே வேகத்தில் மடியும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எங்கே எப்போது மடிகிறது என்பதை வைத்துத்தான் ஏர்பேக் விரியும் நேரத்தையே கணக்கிட்டிருப்பார்கள்.

பில்லர்களில் இன்னும் மோசம். புதிய கார்களில் அவற்றுக்குப் போடும் எஃகு, சாதாரணத் தகட்டைவிடப் பல மடங்கு உறுதி. சூடுபடுத்தி அச்சில் அழுத்தி, உடனே குளிரவைத்து அந்த உறுதியை ஏற்றியிருப்பார்கள். டிங்கர் அதன்மேல் கேஸ் காட்டிப் பழுக்க வைத்துத் தட்டினால் ஏற்றிய உறுதி இறங்கிப் போகும். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பில்லரில் கைவைத்த வண்டி என்று தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. பகல் வெளிச்சத்தில், வண்டி நனையாமல் காய்ந்திருக்கும்போது பாருங்கள். பானட்டைத் தூக்கி, கீல்களிலும் ஃபெண்டர் விளிம்பிலும் உள்ள போல்ட்டுகளின் தலையைக் கவனியுங்கள். தொழிற்சாலையில் பாகங்களை மாட்டிய பிறகே பெயின்ட் அடிப்பதால், போல்ட்டின் மேலும் அதே பெயின்ட் உடையாமல் படிந்திருக்கும். ஸ்பேனர் பட்டிருந்தால் மூலைகளில் உரிந்திருக்கும். அது அந்தப் பாகத்தைக் கழற்றினார்கள் என்பதை மட்டுமே சொல்லும்; பயப்பட வேண்டாம், குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இடத்திலிருந்து ஒரு டார்ச் வெளிச்சத்தில் கீழே ஏப்ரனைப் பாருங்கள். தகடும் தகடும் சேரும் விளிம்பில் ஒரே இடைவெளியில், சட்டைப் பொத்தான் அளவுக்கும் குறைவான வட்டப் பள்ளங்கள் வரிசையாக இருக்கும். அதுதான் ஸ்பாட் வெல்டிங். அந்த வரிசை நடுவில் அறுந்து, புழு ஊர்ந்தது போன்ற கோடோ கிரைண்டர் தேய்த்த தடமோ தெரிந்தால், அல்லது அந்த இடத்தில் மட்டும் கருப்பு ரப்பர் பெயின்ட் தாராளமாகப் பூசியிருந்தால், அடி ஏப்ரன் வரை போயிருக்கிறது. இடமும் வலமும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்தை மற்றப் பக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

டிக்கியில் தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். முன்பக்க அடியைப் பற்றிப் பேசிக்கொண்டே பின்பக்க அடியை விற்கிறவர்களும் உண்டு.

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி யாரிடமாவது கிடைத்தால் நல்லது. தொழிற்சாலை பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 160 மைக்ரானுக்குள் வரும். 250, 300 என்றால் மறுபடி அடித்திருக்கிறார்கள். 500-ஐத் தாண்டினால் கீழே பட்டி பூசியிருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி வேலை செய்யாது. உங்கள் வண்டியில் பானட்டைவிட, முன்கதவுக்கு முன்னால் கண்ணாடியோடு சேரும் பில்லரில்தான் எனக்கு அந்த எண் தேவை.

மீண்டும் ஏர்பேக். வெடித்ததைவிட, வெடித்த பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் என் கவலை. இரண்டு ஏர்பேக், இரண்டு பெல்ட், ஏர்பேக்கை இயக்கும் கம்ப்யூட்டரான கண்ட்ரோல் யூனிட், டாஷ்போர்டு என்று முறையாக மாற்றினால், ஐந்து வயது வண்டிக்கு அந்தச் செலவே வண்டியின் மதிப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். உடம்பில் பெரிய சேதம் இல்லாத வண்டிகள்கூடச் சில நேரம் இதனாலேயே டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் செய்வது கட்டுப்படியாகாது என்று இன்ஷூரன்ஸ் கைவிடும் வண்டி, ஆகின்றன. ஏமாற்றும் ஆசை பிறப்பதும் இதே இடத்தில்தான். ஏர்பேக்குக்குப் பதில் ஒயரில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகி, ஏர்பேக் இருப்பதாக கம்ப்யூட்டரை நம்பவைப்பார்கள். மூடிக்குப் பின்னால் வெற்றிடம். மீட்டரில் எரியும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கை அணைக்க இன்னொரு குறுக்குவழி, அதை வேறொரு விளக்கின் ஒயரோடு இணைப்பது.

ஆகவே சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகள் கழித்துத் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பிடுங்கிவிட்டார்கள். தானாக அணையாமல், இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கோ பேட்டரி விளக்கோ அணைகிற அதே கணத்தில் இதுவும் அணைந்தால் சந்தேகப்படுங்கள். விளக்கு ஒழுங்காக இருந்தாலும் அது முழுச் சான்று இல்லை, ரெசிஸ்டர் விளக்கையும் ஏமாற்றும், சாதாரண ஸ்கேனரையும் ஏமாற்றும். அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கண்ட்ரோல் யூனிட்டைப் படிக்கச் சொல்லுங்கள். பல கார்களில் மோதல் பதிவு அதில் தங்கிவிடும். யூனிட்டையே மாற்றியிருந்தால் வண்டியோடு வந்ததல்ல என்பதும் தெரியவரும்.

சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். அடிப்பக்கம் தைத்திருக்கும் துணிச்சீட்டில் தயாரித்த தேதி இருக்கும். மோதலில் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரிடென்ஷனர் ஒருமுறைதான் வேலை செய்யும், பிறகு மாற்றியே ஆக வேண்டும். தேதி வண்டியின் வயதோடு ஒத்துப்போய், பெல்ட் மேல் வளையத்தில் உராயும் இடத்தில் நூல் உருகிப் பளபளத்தால், அடி வாங்கிய பழைய பெல்ட்டையே விட்டுவைத்திருக்கிறார்கள். தேதி வண்டியைவிடப் புதுசாக இருந்தால் பெல்ட்டை மாற்றியிருக்கிறார்கள் என்று நிம்மதி அடையலாம். ஆனால் அப்போது புரோக்கரின் கதை பொய்.

ஓட்டிப் பார்ப்பதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. சமமான நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பிரேக் பிடிக்கும்போதும் அப்படியே. டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கக் கூடாது. வீல் அலைன்மென்ட் கடையில் சரிசெய்வதற்கு முன்னால் எடுக்கும் அளவுத்தாளை வாங்கி, நீங்கள் நம்பும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

விலைக்கு வருவோம். ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதை லாபம் என்று நினைக்காதீர்கள். நாளை நீங்கள் விற்கும்போதும் இதே கேள்விக்குப் பதில் சொல்லி, இதே அளவு குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஏழெட்டு வருடம் வைத்து ஓட்டுவதாக இருந்தால் அது பெரிதாகத் தெரியாது. இரண்டு மூன்று வருடத்தில் மாற்றும் எண்ணம் இருந்தால் இந்தச் சலுகை உங்களுக்குச் சலுகையே இல்லை.

என் முடிவு இது. விபத்துக்குப் பிறகான ரிப்பேர் பில்லையும் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் கேளுங்கள். எந்தப் பாகங்கள் என்று வரிவரியாக இருக்க வேண்டும். "பாடி வொர்க்" என்று ஒரே வரியில் எழுதிய தாள் பில் ஆகாது. ஏர்பேக் வெடிக்கவில்லை, கண்ணாடி கல் பட்டு உடைந்தது என்று காகிதமும் கண்ட்ரோல் யூனிட்டும் ஒரே மாதிரி சொன்னால், ஏப்ரனும் சுத்தமாக இருந்தால், அந்த விலைக்கு வாங்குங்கள், அண்ணனை நான் சமாதானப்படுத்துகிறேன். ஏர்பேக் வெடித்து, எல்லாவற்றையும் முறையாக மாற்றிய பில் இருந்து, லெக்கும் பில்லரும் தொடப்படாமல் இருந்தால் வாங்கலாம், ஆனால் இன்னும் விலை குறைய வேண்டும். "லேசா இடி" என்றதற்கு விளக்கமும் வர வேண்டும். ஏர்பேக் வெடித்த அடையாளம் இருக்கிறது, பில் இல்லை என்றால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். கணவருக்கு மட்டும் ஒன்று சொல்லுங்கள்: புரோக்கர் விபத்து நடந்ததைச் சொன்னார், சரி. எவ்வளவு நடந்தது என்பதைச் சொன்னாரா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

வேறு பார்ட்டி விஷயம்: சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போக அரை நாள் வண்டியைக் கேளுங்கள், செலவு உங்களுடையது என்றும் சொல்லுங்கள். அதற்குச் சம்மதித்து ஒரு சிறு முன்பணம் கேட்டால், "சோதனையில் ஏர்பேக் அல்லது பாடியில் குறை தெரிந்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். சம்மதிக்கவில்லை என்றால், அந்த வேறு பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும்.