தகரக்காது

அன்புள்ள அண்ணா,

என் மகள் இங்கே சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம். ஊர்க் காணியை விற்றுத்தான் அவளுக்குக் காசு கட்டினேன். ஜோன் பொரோஸ் என்ற பழங்குடிப் பேராசிரியரின் புத்தகம் ஒன்றைப் படித்ததிலிருந்து, வணிகச் சட்டம் வேண்டாம், பழங்குடியினர் சட்டம்தான் படிப்பேன் என்கிறாள். எழுத்து இல்லாத மக்களின் வழக்கத்தைச் சட்டம் என்று சொல்லலாமா? இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? நானும் கொஞ்சம் வாசிக்கலாம் என்றால் எதில் தொடங்குவது?

க., ஸ்காபரோ

அன்புள்ள க.,

வேலைக்குக் குறைவிருக்காது. கனடாவில் எண்ணெய்க் குழாய் போட்டாலும் சுரங்கம் தோண்டினாலும் காடு வெட்டினாலும் பழங்குடியினரின் உரிமைகளை ஏற்கும் 1982 அரசியலமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு முன்னால் வந்து நிற்கிறது. அந்தக் கவலையை விடுங்கள்.

என்னைத் தூங்கவிடாதது உங்கள் மற்ற வரி. ‘எழுத்து இல்லாத மக்களின் வழக்கம்.’ யாழ்ப்பாணத்துக் காணியை விற்ற ஒருவர் இப்படி எழுதலாமா? வெளியாளுக்கு விற்பதற்கு முன் பங்குக்காரரிடம் கேட்டீர்களா இல்லையா? ஏன் கேட்டீர்கள்? யாழ்ப்பாணத் தமிழருடைய வழக்குச் சட்டமான தேசவழமை அப்படிச் சொல்கிறது. அந்தத் தேசவழமை எங்கிருந்து வந்தது? நம் சனங்கள் தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்ட முறை அது. 1707இல் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் அதை எழுதிவைத்தார், பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரி என்றார்கள். எழுதுவதற்கு முதல் நாள் வரை அது சட்டமாக இருக்கவில்லையா? பேனை தொட்ட பிறகுதான் சட்டமானதா?

இன்னொன்றையும் நீங்கள் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பழங்குடியினரைப் பற்றிய சட்டம் வேறு, பழங்குடியினருடைய சட்டம் வேறு. முதலாவது அரசு அவர்கள் தலையில் வைத்தது. கனடாவில் 1876இல் வந்த இந்தியர் சட்டத்தை எடுங்கள். பழங்குடியினரைத்தான் அன்று ‘இந்தியர்’ என்றார்கள். பழங்குடி ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாலோ வழக்கறிஞரானாலோ, சட்டத்தின் பார்வையில் அவர் அதோடு பழங்குடி இல்லை. உங்கள் மகளைப் போல ஒரு பிள்ளை அன்று படித்துப் பட்டம் வாங்கியிருந்தால் தன் சனத்தின் பட்டியலிலிருந்தே பெயர் போயிருக்கும். 1927 முதல் 1951 வரை, அரசின் அனுமதி இல்லாமல் காணி உரிமை வழக்குக்குக் காசு சேர்ப்பதும் குற்றம்.

இரண்டாவது அவர்களுக்குள்ளேயே விளைந்தது. பொரோஸ் உழைத்தது இதற்காகத்தான். அவர் அனிஷினாபே என்ற பழங்குடியைச் சேர்ந்தவர், ஜோர்ஜியன் குடாக்கரையில் உள்ள நெயாஷீங்மீங் அவருடைய ஊர். ரொறன்ரோவில் சட்டம் படித்தார், ஒஸ்குட் ஹோல் சட்டக் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார், விக்டோரியாப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்தார். அங்கே சட்டப் பேராசிரியர் வால் நெப்போலியனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய படிப்பு 2018இல் தொடங்கியது. நாலு வருடம், இரண்டு பட்டம். கனடாவின் சட்டத்தையும் பழங்குடியினருடைய சட்டத்தையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கலாம்.

2010இல் வந்த ‘கனடாஸ் இண்டிஜினஸ் கான்ஸ்டிடியூஷன்’ நூலில் அந்தச் சட்டங்களுக்கு ஐந்து ஊற்றுகள் சொல்கிறார். புனிதம் என்று பெற்றவை, இயற்கையைப் பார்த்து அறிந்தவை, கூடிப் பேசி முடிவுசெய்தவை, அதிகாரம் உள்ளவர்கள் விதித்தவை, வழக்கத்தில் வந்தவை. ஐந்தில் ஒன்றுதான் வழக்கம்! மற்ற நாலையும் நீங்கள் அந்த ஒன்றுக்குள் போட்டு அமுக்கிவிட்டீர்கள். அனிஷினாபே மக்களின் குறும்புக்கார நாயகன் நானபூஷின் கதைகளை அவர் நாம் தீர்ப்புகளை வாசிப்பது போல வாசிக்கிறார். யார் என்ன செய்தார், அதனால் என்ன வந்தது, இன்றைய சிக்கலுக்கு அது எவ்வளவு பொருந்தும், எங்கே பொருந்தாது. கதைக்கு மறுப்பும் சொல்லலாம், வேறு கதையை எதிரே வைக்கலாம். நீதிமன்றத்தில் நடப்பதும் இதுதானே?

கோபமாக எழுதுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. உங்கள் மேல் மட்டும் உள்ள கோபம் இல்லை இது.

டெல்காமூக் வழக்கைப் பற்றி மகள் சொல்லியிருப்பாள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 58,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்காக கிட்க்சான், வெட்சுவெட்டன் பழங்குடிகளின் பரம்பரைத் தலைவர்கள் தொடுத்த வழக்கு. 1987இல் தொடங்கி 374 நாள் விசாரணை. மேரி ஜோன்சன் என்ற கிட்க்சான் மூதாட்டி தன் குலத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு வந்தவர், அதோடு சேர்ந்த பாட்டையும் பாட வேண்டும் என்றார். நீதிபதி அலன் மக்கேக்கர்ன், தனக்கு இசை ஏறாத தகரக்காது, தன்னிடம் பாடிப் பயனில்லை என்றார். மூதாட்டி பாடினார். நம் ஊர்ச் சொல்லில் சொன்னால் அந்தப் பாட்டு அவருடைய காணி உறுதி, நிலப் பத்திரம். அவர் உறுதியை நீட்டியிருக்கிறார், வாங்கிப் பார்க்க ஆள் இல்லை.

1991 தீர்ப்பில் தலைவர்கள் தோற்றார்கள். 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வாய்மொழி வரலாற்றை எழுத்து ஆவணத்துக்குச் சமமாக வைத்து எடைபோட வேண்டும் என்று சொல்லி, புதிதாக விசாரிக்கச் சொன்னது. அந்த மறுவிசாரணை நடக்கவே இல்லை.

அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு ஒரு அம்மாவின் முகம்தான் வந்தது. நான் மொழிபெயர்ப்பாளராக இருந்த காலம். ஒரு விசாரணையில், மகனைப் பிடித்துக்கொண்டு போன திகதி என்ன என்று அவரிடம் கேட்டார்கள். “அம்மன் கோயில் கொடியேறி மூன்றாம் நாள். பொழுது சாயவில்லை. முற்றத்தில் நெல் காயப்போட்டிருந்தேன். அடுத்த கிழமை மகளுக்குச் சாமத்தியச் சடங்கு வைக்க இருந்தோம்...” என்று தொடங்கினார். கேட்டவர் மணிக்கூட்டைப் பார்த்தார். திகதி மட்டும் போதும் என்றார். நான் ஒரே வரி சொன்னேன்: அவருக்குத் திகதி ஞாபகம் இல்லை.

அந்த அம்மா திகதியைத்தான் சொன்னார். பஞ்சாங்கத்தில் கொடியேற்றத்தைத் தேடினால் நாளும் கிழமையும் வந்திருக்கும். கேட்டவருக்கு அது தெரிய நியாயம் இல்லை. எனக்குத் தெரியும். தமிழ் தெரிந்த, கோயில் தெரிந்த, நெல் காயப்போடுகிற நேரம் தெரிந்த நான்தான் அதை வெட்டி எறிந்தேன். அதனால்தான் ‘எழுத்து இல்லாத மக்கள்’ என்று யாராவது எழுதினால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

சரி, புத்தகம் கேட்டீர்கள். மேலே சொன்ன 2010 நூலிலேயே தொடங்குங்கள். நீங்களாக வாசிக்க வேண்டாம், மகளை ஒவ்வொரு அத்தியாயமாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். திணறுவாள், பரவாயில்லை. இடையில் வேலையைப் பற்றிப் பேசாதீர்கள். அப்புறம், விற்ற அந்தக் காணியைப் பற்றி அவளுக்கு எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? யாருடைய சீதனமாக வந்தது, வேலிச் சண்டை யாரோடு, கிணற்றில் பங்கு யாருக்கு, உறுதியில் எழுதாத எல்லாமும். ஒரு சனிக்கிழமை அதைச் சொல்லுங்கள். அவள் குறிப்பெடுப்பாள்.