வாகனக் கேள்வி-பதில்: ஆறு மாதம் ஓடாமல் நிற்கப்போகும் கார்

கேள்வி: வீடு குளச்சலில், கடலுக்குப் பக்கம். மே கடைசியில் குடும்பத்தோடு மஸ்கட் போகிறோம். திரும்ப டிசம்பர் ஆகும். பெட்ரோல் கார், ஷெட்டில் நிற்கும். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து அஞ்சு நிமிடம் ஓடவிட்டு அணைக்க மச்சினனிடம் சொல்லியிருக்கிறேன். அது போதுமா? வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் ஆன்டிஃப்ரீஸ் வேண்டுமா?
- வாசகர், குளச்சல்

பதில்: முதலில் மச்சினனைத் தடுங்கள். ஸ்டார்ட் செய்ய இழுத்த சார்ஜை அஞ்சு நிமிட ஐடிலிங் முழுசாகத் திருப்பித் தராது. என்ஜினும் சூடேறாது; பெட்ரோல் எரிந்து உண்டாகும் நீராவி சைலன்சருக்குள் தண்ணீராகத் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். 15 நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரம் ரோட்டில் ஓட்டுவாரா, சரி. இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

நம்மூரில் எதிரி குளிரில்லை, உப்புக்காற்றும் ஈரமும்தான். இடவப்பாதி (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை), ஐப்பசி இரண்டு மழையும் உங்கள் ஷெட்டைத் தாண்டித்தான் போகும். அதனால் நிறுத்துமுன் அடிப்பாகத்தையும் மட்கார்டு உட்புறத்தையும் நல்ல தண்ணீரில் கழுவி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி பிரேக்கைக் காயவையுங்கள். கடைசிப் பத்து நிமிடம் ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். கூலிங் காயிலில் ஈரம் நின்றால் பூஞ்சை நாற்றம் நிச்சயம். பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடாதீர்கள், உள்ளே வியர்க்கும். காற்றுப் புகும் துணிக் கவர் போதும்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்தால் பிரேக் ஷூ டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள். டயரில் வழக்கமாக 33 பிஎஸ்ஐ என்றால் 38 வரை ஏற்றலாம். டேங்க் நிறையப் பெட்ரோல் போடுங்கள். இப்போதைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்கில் காலியிடம் குறைந்தால் ஈரக்காற்றும் குறையும். ஆயில் மாற்றும் நாள் நெருங்கியிருந்தால் போகுமுன்னே மாற்றிவிடுங்கள், பழைய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும்.

பேட்டரி 12.6 வோல்ட் காட்டும்வரை சார்ஜ் ஏற்றி, 10 எண் ஸ்பேனரால் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் தொட்டு ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். பேட்டரியைக் கழற்றியபின் ரிமோட் வேலை செய்யாது. கதவைச் சாவியால் திறந்து பூட்ட வருகிறதா என்று போகுமுன் பாருங்கள். நாலு வருடம் தாண்டிய பேட்டரிக்கு இப்போது மாற்று வாங்குவது வீண், வந்தபிறகு வாங்கலாம்.

இங்கே எதுவும் உறையாது. ஆனால் ஆன்டிஃப்ரீஸ் கலந்த கூலண்ட் துருவையும் தடுக்கும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் வடித்துவிட்டு கூலண்டை ஊற்றுங்கள்.

எலிக்காக சைலன்சர் வாயில் கம்பிவலை கட்டினால், ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டி வையுங்கள். மறந்துபோய் ஸ்டார்ட் செய்பவர்கள் உண்டு.

கேள்வி: மூன்று மாதம் நின்ற காரை எடுத்தேன். பிரேக் மிதித்தால் கரகரவென்று சத்தம். பேட் மாற்ற வேண்டுமா?
- வாசகர், தக்கலை

பதில்: டிஸ்க்கில் படிந்த மேல்துருவாக இருக்கும். ஆளில்லாத சாலையில் மெதுவாகப் போய் பத்துத் தடவை பிரேக் பிடியுங்கள், போய்விடும். அதற்குப் பிறகும் சத்தமோ பெடலில் துடிப்போ இருந்தால் மெக்கானிக்கிடம் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.